ஏழரை மணி நாடகம்

என் பொறாமைக்குக் குறித்த நேரம் உண்டு. ஞாயிறு தவிர மற்ற நாளெல்லாம் இரவு எட்டு மணிக்குத் தொடங்கும், விளம்பரம் வரும்போது கொஞ்சம் இளைப்பாறும், எட்டரைக்கு முடியும். முடியும் என்று ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். படுத்த பிறகும் வயிற்றுக்குள் ஒரு புல்லாங்குழல் ஊதிக்கொண்டேதான் இருக்கும்.

நான் தொலைக்காட்சி நாடகங்களுக்கு இசை போடுகிறவன். சினிமாவுக்கும் போட்டிருக்கிறேன். ஒரு படம் வெளியே வராமலே தூங்குகிறது, இன்னொன்று வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. சோறு போடுவது நாடகம்தான். என் நாடகம் ஏழரை மணிக்கு வருகிறது. ஏழரையில் மாட்டிக்கொண்ட மனுஷன் என்று ஸ்டுடியோவில் கேலி செய்வார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன். அது முடிந்த கையோடு அதே சானலில் எட்டு மணிக்கு இன்னொரு நாடகம் வருகிறது. அதற்கு இசை போடுகிறவரை நான் மனதுக்குள் எட்டு மணிக்காரர் என்றுதான் சொல்வேன். பேரைச் சொன்னால் எனக்கு வாய் கசக்கும்.

மனுஷன் என்னைவிட இளையவர். தஞ்சாவூர்ப் பக்கம். தாத்தா வீணை, அப்பா வாய்ப்பாட்டு, வீட்டில் பால் குக்கர் விசில் அடித்தால்கூட சுருதியோடு அடித்திருக்கும். நான் திருத்தங்கல்காரன். அம்மா பட்டாசுக் கம்பெனியில் தீபாவளி போனஸ் வாங்கி எனக்கு ஒரு சின்ன கீபோர்டு வாங்கித் தந்தாள். அதில் சில கட்டைகள் அமுக்கினால் எழுந்திருக்காது, விரலால் நெம்பிவிட வேண்டும். அதை வைத்துக்கொண்டு விருதுநகரிலும் சிவகாசியிலும் கல்யாண வரவேற்பு, கோயில் பொங்கல், கட்சிக் கூட்டம் என்று கச்சேரிக் குழுவில் வாசித்தேன். கட்சிக் கூட்டத்தில் தலைவர் வரத் தாமதமானால் நாங்கள்தான் ஜனத்தைப் பிடித்து வைக்க வேண்டும். தலைவர் வந்ததும் பாட்டின் நடுவிலேயே மைக்கைப் பிடுங்கிவிடுவார்கள். அப்புறம் சென்னை. சாலிகிராமத்தில் ஒரு ஸ்டுடியோவில் அடுத்தவர்களுடைய மெட்டுக்கு கீபோர்டு வாசித்து, அடுத்தவர்களுடைய பேரில் அது வெளிவருவதைப் பார்த்து, ஒருவழியாக ஒரு நாடகம் கையில் கிடைத்தது. அதற்குள் தலையில் பாதி முடி போய்விட்டது. எட்டு மணிக்காரருக்கு இன்றைக்கும் தலை நிறைய முடி. அதிலும் எனக்கு எரிச்சல்தான், மறைப்பானேன்.

நாடகத்துக்கு இசை போடுவதைப் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மத்தியானம் எடிட் ஆகி வரும், சாயங்காலம் சானலுக்குப் போயாக வேண்டும். ஒவ்வொரு காட்சிக்கும் உட்கார்ந்து புதிதாக வாசிக்க யாருக்கு நேரம் இருக்கிறது. அழுகைக்கு ஒன்று, சதிக்கு ஒன்று, சமையலறைக்கு ஒன்று என்று முன்னாலேயே போட்டு வைத்திருப்போம். எடுத்து ஒட்ட வேண்டியதுதான். அம்மாவுக்கு இது நன்றாகவே புரியும். அவளுக்கு எல்லா வேலையும் கம்பெனி வேலைதான். போனில் கேட்பாள், இன்னைக்கு லோடு போயிருச்சாய்யா என்று. போயிருச்சும்மா என்பேன். எந்த நாடகம் என்னுடையது என்று ஆரம்பத்தில் ஒருமுறை கேட்டாள். நான் அவசரத்தில் இருந்தேன், சானல் பேரைச் சொல்லி ராத்திரி நாடகம் என்றேன். அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. திரையில் வருவது என் வீட்டுப் பேர் இல்லை. எண் கணிதம் பார்த்து மாற்றிக்கொண்ட பேர். அம்மாவுக்கு எழுத்து வாசிக்க வராது. ஆனாலும் பெற்றவளுக்குத் தெரியாமலா இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

நாடகத்தில் வருகிற அந்த அடியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மாமியார் மெல்லத் திரும்பிப் பார்க்கும்போதும், மருமகள் கையிலிருந்து பால் சொம்பு நழுவும்போதும், செத்துப்போனதாக நினைத்தவன் வாசலில் வந்து நிற்கும்போதும் நெஞ்சுக்குள் டம் என்று ஒன்று இறங்குகிறதே, அதைப் போட்டவன் நான்தான். எனக்கு முன்னாலும் அடி இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. அது வெறும் மேளம். எங்கள் டைரக்டர் ஒருநாள், நீங்கள் வெடி ஊர்தானே சார், ஒரு வெடியைப் போடுங்களேன் என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் ஊரில் தூரத்தில் ஒரு பட்டாசு ஷெட் வெடித்துப் போனால் எப்படிக் கேட்குமோ அதை அப்படியே கொண்டுவந்தேன். முதலில் ஒரு குத்து. அது காதுக்கு வருவதற்கு முன்னால் தரைக்கு வரும். அப்புறம் வீட்டுத் தகரமெல்லாம் லேசாக உதறும். அதற்கும் பிறகு ஒரு நீண்ட உறுமல். எத்தனையோ டிரம்மையும் தகரத்தையும் தட்டி, கலந்து, கடைசியில் அது அச்சு அசலாக வந்தபோது டைரக்டர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். அந்த வாரமே டி.ஆர்.பி. ஏறியது என்றார்கள். மற்ற சானல்காரர்கள் அதைத் திருடினார்கள். திருடட்டும். திருடுகிற அளவுக்கு நான் ஒன்று செய்திருக்கிறேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

இந்த நிமிர்ந்த நெஞ்சோடுதான் ஒரு பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். அப்பா எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா மட்டும்தான் வீட்டில். சென்னைக்கு வா என்றால் அங்கன என்ன இருக்கு என்பாள். ஏழரை மணி ஆனது. அம்மா டிவி முன்னால் பாயைப் போட்டு உட்கார்ந்தாள். என் பேர் திரையில் ஓடியது. நான் சமையலறை வாசலில் ஒன்றும் தெரியாதவன் மாதிரி முறுக்குத் தின்றுகொண்டு நின்றேன். அம்மா ரிமோட்டை எடுத்தாள், சத்தத்தை அடைத்தாள். அரை மணி நேரமும் ஊமைப்படம் பார்க்கிற மாதிரி பார்த்தாள். வில்லி வாயசைப்பைப் பார்த்து அவளாகவே கதை புரிந்துகொண்டு, நாசமாப் போறவ என்று திட்டினாள். எட்டு மணி ஆனதும் சத்தத்தைத் திறந்தாள். திறந்தது மட்டுமில்லை, கூட்டி வைத்தாள். புல்லாங்குழல் வீடு முழுக்க வந்தது. அம்மா முழங்காலில் தாளம் போட்டாள்.

கையிலிருந்த முறுக்கைத் தட்டில் வைத்துவிட்டேன். பெற்ற தாய், சொந்த மகனுடைய இசையை அடைத்துவிட்டு எவனோ ஒருத்தனுடைய இசையைத் திறந்து வைக்கிறாள். உலகத்தில் எவனுக்காவது இப்படி நடந்திருக்குமா? ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ரோஷம் விடவில்லை. அம்மாவோ என் முகத்தையே பார்த்துக்கொண்டு, பாட்டு எம்புட்டு நல்லாருக்குல்ல என்றாள். குத்திக் காட்டுகிறாள் என்று நினைத்தேன். நல்லாத்தான் இருக்கு என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றேன்.

அதற்கப்புறம் ஒவ்வொரு முறை போகும்போதும் இதே கதைதான். நானும் விடவில்லை. சென்னையில் அந்த அடியை இன்னும் அழுத்தினேன், சோகத்துக்கு வயலினைக் கூட்டினேன், ஒருமுறை வேண்டுமென்றே புல்லாங்குழல்கூட வைத்துப் பார்த்தேன். எல்லாம் அம்மாவை மனதில் வைத்துத்தான். ஊருக்குப் போய் ஏழரை மணிக்கு ரிமோட்டையே பார்த்துக்கொண்டிருப்பேன். அவள் கட்டைவிரல் அந்தப் பொத்தானுக்குத்தான் போகும். எட்டு மணிக்காரர் விருது வாங்கினார், கார் வாங்கினார், அதெல்லாம் எனக்கு வந்து போகிற எரிச்சல்தான். இது அப்படி இல்லை. என் அம்மாவின் காது எனக்கு வேண்டும். அது அவரிடம் இருந்தது.

என் மனைவி ஒருநாள் நேராகவே கேட்டாள், அவர் என்ன நம்ம சொத்தையா எழுதி வாங்கினார் என்று. சொத்தை எழுதி வாங்கியிருந்தால் கேஸாவது போட்டிருப்பேன்.

இந்த நேரத்தில்தான் அந்தப் படம் வந்தது. தாயில்பட்டிப் பக்கத்திலும் ஆனைக்குட்டம் அணைப் பக்கத்திலும் நடக்கிற கதை. பட்டாசு வேலைக்குப் போகிற ஒரு குடும்பம், நடுவில் ஒரு விபத்து. படத்தின் டைரக்டர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. எங்கள் ஊர், எங்கள் ஜனம், வெடியைத் தத்ரூபமாகப் போட்டவன் நான். இந்தப் படத்துக்கு என்னைவிட்டால் யார் இருக்கிறார்கள்? உட்கார்ந்து பேசினோம். காலையில் கம்பெனி வேன் வரும்போது பெண்கள் எங்கே நிற்பார்கள், சீசனில் வீட்டில் என்ன சமைப்பார்கள், மழை பெய்தால் வேலை எப்படி நிற்கும் என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் கொட்டினேன். அவரும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். போகும்போது கையைப் பிடித்துக்கொண்டார். அம்மாவைத் தியேட்டருக்குக் கூட்டிப்போவதாக அன்றைக்கே கனவு கண்டேன். தியேட்டரில் ரிமோட் கிடையாது பாருங்கள்.

வாட்ஸ்அப்பில் போஸ்டர் வந்தது. இசை என்ற இடத்தில் எட்டு மணிக்காரர் பேர் இருந்தது.

போன் போட்டேன். டைரக்டர் எடுக்கவில்லை, அவருடைய மேனேஜர் எடுத்தார். உங்கள் சத்தம் சீரியலில் கேட்டுக் கேட்டு ஜனங்களுக்குப் பழகிவிட்டது சார், வேறு மாதிரி வேண்டும் என்கிறார்கள் என்றார். அதற்கென்ன, பரவாயில்லை என்றேன். வாய்தான் சொன்னது. எங்கள் ஊரைப் பற்றி எடுக்கிற படத்துக்குத் தஞ்சாவூர் வீணை. நன்றாக இருக்கட்டும், நாசமாகப் போகட்டும், இரண்டையும் ஒரே மூச்சில் நினைத்தேன். நாசமாகப் போகட்டும் என்பதில்தான் மனது நின்றது.

இதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அவரே எனக்குப் போன் செய்தார். அந்தக் குரல் இருக்கிறதே, அதிலேயே ஒரு பணிவு. படம் தனக்கு வந்திருக்கிறது, அந்த ஊரைத் தனக்குத் தெரியாது, தெரியாமல் ஏதாவது போட்டுவிட்டால் தப்பாகிவிடும், ஒருநாள் கூட வந்து காட்ட முடியுமா என்று கேட்டார். நியாயமாக உங்களுக்கு வர வேண்டிய படம் சார் என்று வேறு சொன்னார். எனக்குக் கோபம் வரும்படி ஒரு வார்த்தை பேசக்கூடாதா இந்த மனுஷன்? சரி வாங்க என்றேன். நல்லெண்ணம் ஒன்றும் இல்லை. எங்கள் ஊர் வெயிலில் அலைந்து, ஒன்றும் பிடிபடாமல் அவர் முழிப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

நான் முந்தின நாளே ஊருக்கு வந்துவிட்டேன். அவர் விருதுநகர் ஸ்டேஷனில் அதிகாலை ரயிலில் வந்து இறங்கினார். ஊரைச் சுற்றிக் காட்டிவிட்டு எண்ணெய்ப் புரோட்டாக் கடைக்குக் கூட்டிப்போனேன். தஞ்சாவூர் வயிறு தாங்காது என்று ஒரு கணக்கு. எண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்த புரோட்டாவைக் காரச் சால்னாவில் ஊறவைத்து மனுஷன் ஆசையாசையாகச் சாப்பிட்டு, இன்னும் ஒன்று வைக்கச் சொன்னார். ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் நெஞ்சைக் கரித்தது.

மத்தியானம் தாயில்பட்டி ரோட்டில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். அவர் ஒரு சின்ன ரெக்கார்டரைப் பெஞ்சில் வைத்து ஓடவிட்டிருந்தார். இங்கே என்ன கிடைக்கும் என்று நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்தேன். ஒரு லாரி போனது, ஒரு ஆடு கத்தியது. அப்போது தூரத்தில் டம் என்று ஒரு சத்தம் வந்தது. கடைத் தகரம் உதறியது. எங்கள் பக்கத்து மனுஷர்களுக்கு அது வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கிளாஸை வைத்துவிட்டார். எல்லாரும் எழுந்து ரோட்டுக்கு வந்து எந்தத் திசையில் புகை வருகிறது என்று வானத்தைப் பார்த்தோம். ஒருத்தரும் பேசவில்லை. நானும்தான் எழுந்து நின்றேன், எழுந்தது எனக்கே தெரியாது. அப்புறம் ஒருத்தருடைய போன் அடித்தது. கெணத்துப் பாறைக்கு வேட்டு வச்சுருக்காகளாம் என்றார். உடனே எல்லாரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். டீ வந்தது.

எட்டு மணிக்காரர் மட்டும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். ரெக்கார்டரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"சத்தத்தை விடுங்க சார். அதுக்கப்புறம் யாருமே பேசலை பாருங்க. எனக்கு அதுதான் வேணும்."

அடப்பாவி என்று நினைத்தேன். இத்தனை வருஷம் நான் அந்தக் குத்தையும் உறுமலையும் கட்டிக்கொண்டு மாரடித்தேன். இந்த ஆள் ஒரு டீ குடிப்பதற்குள் எங்களுடைய மௌனத்தை எடுத்துப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டார். அதுவும் நான் கூட்டிக்கொண்டு வந்த இடத்தில். அவர் வாங்கிக் கொடுத்த டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டேன்.

அவருக்கு ரயில் ராத்திரிதான். சாயங்காலமே கொண்டுபோய் ஸ்டேஷனில் விட்டுவிடலாம் என்று பார்த்தேன். திருத்தங்கல் வழியாகத்தானே போகிறோம், அம்மாவைப் பார்க்காமல் போகலாமா என்றார். வீட்டில் வெள்ளையடிக்கிறார்கள் என்று சொல்லத் தோன்றியது. அதற்குள் அம்மாவே போனில் வந்துவிட்டாள், சாப்பாடு தயாராக இருக்கிறது, கூட வந்தவரையும் கூட்டிக்கொண்டு வா என்று. மணி ஏழை நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்கு இருந்த பயமெல்லாம் ஒன்றே ஒன்று. ஏழரை மணிக்கு அம்மா என் நாடகத்தை அடைப்பதை இந்த மனுஷன் கண்ணால் பார்க்கக்கூடாது. வேறு யார் பார்த்தாலும் தாங்கிக்கொள்வேன்.

அம்மா வாசலிலேயே நின்றாள். என்கூட வேலை பார்க்கிறவர் என்று மட்டும் சொன்னேன். கம்பெனி ஆளா என்றாள். ஆமாம் என்றேன். வாங்க தம்பி, மொகமெல்லாம் வாடிப் போச்சே, மத்தியானம் சாப்பிட்டீகளா இல்லையா என்று அவரைக் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். சோறும் கருவாட்டுக் குழம்பும் போட்டாள், கருவாடு தின்பாரோ மாட்டாரோ என்று அவருக்காகத் தனியாக ரசமும் வைத்திருந்தாள். எனக்கு ரசம் வைத்து எத்தனை காலம் ஆகிறது. நான் வேகமாகச் சாப்பிட்டேன், கிளம்பலாமா என்று இரண்டு தடவை கேட்டேன். ரயிலுக்கு நேரம் இருக்கே சார் என்றார் அவர். கரண்டாவது போகாதா என்று பல்பைப் பார்த்தேன். தினமும் போகிற கரண்ட் அன்றைக்குப் போகவில்லை.

ஏழரை மணி. அம்மா டிவியைப் போட்டாள். என் பேர் ஓடியது. எட்டு மணிக்காரர் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார், சந்தோஷமான சிரிப்புத்தான். அம்மா ரிமோட்டை எடுத்தாள். அடைத்தாள்.

நான் தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டேன். கழுவின தட்டையே திரும்பவும் கழுவினேன். அவருக்காவது கேட்காமல் இருக்கத் தெரிந்திருக்கலாம். நாடகம் பாதிக்கு மேல் போனதும் கேட்டுவிட்டார், ஏம்மா சத்தமில்லாமப் பாக்குறீங்க என்று. இத்தனை வருஷம் நான் கேட்காததை வந்த ஒருநாளில் அவர் கேட்டார். குழாயை மூடிவிட்டு நின்றேன்.

அம்மா டிவியிலிருந்து கண்ணை எடுத்தாள். இன்றைக்கு மத்தியானம் கிணற்று வேட்டுச் சத்தம் கேட்டதா என்று அவரிடம் கேட்டாள். கேட்டோம் என்றார். தானும் வாசலுக்கு வந்து பார்த்ததாகச் சொன்னாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"தீவாளிக்கு வெடிக்கிறது வித்த வெடி தம்பி. அது வெடிச்சா நமக்குச் சோறு. சும்மா நாள்ல கேக்குது பாருங்க, அது விக்காத வெடி. நான் அப்ப திரி கட்டுற ஷெட்டுல இருந்தேன். மருந்து ஷெட்டுல இருந்து சத்தம் வந்துச்சு. எந்திரிச்சு ஓடுனேன். எம் பக்கத்துல உக்காந்துருந்தவ எந்திரிக்கல."

அந்த விபத்து எனக்குத் தெரியும். அன்றைக்குக் கம்பெனி கேட்டுக்கு வெளியே நின்ற பிள்ளைகளில் நானும் ஒருத்தன். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளைப் பற்றி அம்மா ஒருநாளும் என்னிடம் சொன்னதில்லை. அவரிடம் சொல்கிறாள். இதையும் அவருக்கே கொடுத்துவிட்டாளே என்று அடுப்படியில் நின்றுகொண்டு எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த நேரத்திலும் எனக்கு அழுகை வரவில்லை, பொறாமைதான் வந்தது.

அம்மா டிவியைக் கையால் காட்டினாள். அதில் மாமியார் திரும்பிக்கொண்டிருந்தாள். சத்தம் இல்லாமலே எனக்கு அந்த இடம் தெரிந்தது. இப்போது ஒரு அடி, இன்னொரு கோணத்தில் இன்னொன்று, மருமகள் முகத்துக்கு ஒன்று.

"இந்த நாடகத்துக்கு எவனோ ஒரு பாவி அதே சத்தத்தப் போடுறான் தம்பி. தகரம் அதிர்றது மொதக்கொண்டு போடுறான். கத நல்லாருக்கு, அதான் அடச்சு வச்சுக்கிட்டுப் பாக்கேன். அந்தச் சத்தத்த நேர்ல கேட்டவன் எவனும் வெளாட்டுக்குப் போடுவானா? எம் மகன் போடுவானா? அவன் போட மாட்டான்."

அடுப்படி வாசலில் நான் நின்றேன். எட்டு மணிக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். எங்கள் துறையில் எந்த நாடகத்துக்கு யார் போடுகிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். அந்த அடி யாருடையது என்று அவருக்கு நன்றாகவே தெரியும். ஒரே ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தால் போதும், அம்மாவின் முன்னால் நான் தீர்ந்தேன். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பேன்.

"போட மாட்டாரும்மா," என்றார் அவர்.

மனுஷன் அதைச் சொன்ன விதத்தில் ஒரு பிசிறு இல்லை. என்மேல் இரக்கப்படுகிற மாதிரிகூட இல்லை. என்னால் தாங்க முடியவில்லை. அவருடைய புல்லாங்குழலைத் தாங்கினேன், விருதைத் தாங்கினேன், படத்தைப் பறித்ததைத் தாங்கினேன். இந்த நல்ல குணத்தை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை.

நான் வாயைத் திறக்கப் பார்த்தேன். அம்மா, அந்தப் பாவி நான்தான் என்று சொல்வதற்கு எவ்வளவு நேரம் ஆகும். அதற்குள் மணி எட்டாகிவிட்டது. அம்மா ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினாள். டைட்டில் பாட்டு வந்தது. வீணை, அதற்குப் பின்னால் அந்தப் புல்லாங்குழல். அம்மாவின் கை தானாக முழங்காலுக்குப் போனது. அவள் முகத்தில் வந்த பெருமையை அன்றைக்குத்தான் நான் சரியாகப் பார்த்தேன். அது என்மேல் உள்ள பெருமை.

"ஏய்யா, ஒன்னுது வந்துருச்சு. இங்கன வந்து உக்காரு," என்றாள் என்னிடம்.

போய் உட்கார்ந்தேன். வேறு என்ன செய்ய. இத்தனை வருஷமாக அவள் திறந்து வைத்ததெல்லாம் என்னுடையது என்று நினைத்துத்தான் திறந்து வைத்திருக்கிறாள். எம்புட்டு நல்லாருக்குல்ல என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டதெல்லாம் என்னைக் கேட்டதுதான். அவள் காது என்றைக்கும் என்னிடம்தான் இருந்திருக்கிறது. அதில் விழ வேண்டியதைத்தான் நான் போடவில்லை.

அம்மா அவர் பக்கம் திரும்பினாள். அவருடைய பாட்டு அவருக்கு எதிரிலேயே ஓடிக்கொண்டிருந்தது.

"எப்படிப் போட்டுருக்கான் பாத்தீகளா. நீங்களும் எம் மகன் கூடவே இருந்து நல்லாக் கத்துக்கோங்க தம்பி. ஒரு நாள் இல்லாட்டி ஒரு நாள் ஒங்களுக்கும் இப்படிப் போட வந்துரும்."

"சரிம்மா," என்றார் எட்டு மணிக்காரர்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். பாயின் கோரையை நகத்தால் பிய்த்துக்கொண்டிருந்தேன். அம்மா என் முதுகில் கையை வைத்தாள்.

"பாருங்களேன், புகழ்ந்தா எம் மகனுக்கு வெக்கம் வந்துருது."